கொக்குக்குக் கிடைத்த காக்கை வேடம்

"காக்கைதான் கதாநாயகி!" என்ற சினிமாச் செய்தி கேட்டு வேப்பமரமே அமளிப்பட்டது. செவந்திக் காக்கை முதல் ஆளாகப் பறந்துபோய் நின்றாள்.

இயக்குநர் ஓணான் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். "ரொம்பக் கறுப்பும்மா. திரையில எடுபடாது."

வேடம் கொக்குக்குப் போனது. உடம்பெல்லாம் கரி பூசியும் அதற்குக் கரைய வரவில்லை.

"குரல் மட்டும் நீ கொடு தாயி" என்றார் ஓணான்.

செவந்தி தொண்டை கிழியக் கொடுத்தாள். மகளிடம் மூச்சு விடவில்லை. படத்தில் அம்மாவின் குரலை அவளே கண்டுபிடித்துத் துள்ளட்டும்!

படம் வந்தது. கொக்கு வாய் திறந்ததும் மரமே விசிலடித்தது. மகளும் துள்ளினாள்.

"அம்மா, கழுத்தைப் பாரு! குரலைக் கேளு! இவதாம்மா காக்கா. நீயும் ஒரு தடவை அப்படிக் கரைஞ்சு காட்டேன்!"