கிளப் போட்டோ

“இவங்கல்லாம் யாருப்பா?” போட்டோ போய்ச் சேர்ந்த கையோடு மகள் போன் செய்துவிட்டாள்.

“நம்ம போட்டோ கிளப் ஆளுங்கம்மா. ரிட்டயர் ஆனவனுக்கு வேற என்ன வேலை? இன்னிக்கு நம்ம வீட்லதான் அரட்டைக் கச்சேரி. நான்தான் எடுத்தேன்.”

“முகமெல்லாம் ஏன் இப்படிக் கலைஞ்சிருக்கு?”

“ஷட்டரை மெதுவா விட்டு, தலையை ஆட்டச் சொல்லி எடுத்தது. இப்போ இதுதான் புது பாணி!”

“எப்படியோ, மேஜை நிறைய ஆளு! அம்மா போனப்புறம் தனியா கிடக்கிறீங்களேன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன். இந்த லீவுக்கு நான் வரலேன்னாலும் பரவாயில்லதானேப்பா?”

“அட, எனக்கென்ன குறைச்சல்? நீ உன் வேலையைப் பாரும்மா.” டீக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மறுமுனையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள் போலும்.

“அப்பா...”

“சொல்லும்மா.”

“அஞ்சு பேருமா இடது கையால டீ குடிக்கிறாங்க?”

தன் இடது கையிலிருந்த கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். காலையிலிருந்து ஐந்து நாற்காலிகளிலும் மாறி மாறி உட்கார்ந்து தன்னையே எடுத்து ஒரே படமாக ஒட்டியவர், ஒவ்வொரு தடவையும் மறக்காமல் சட்டையை மாற்றியிருந்தார்.

கையை மாற்றத்தான் தோன்றவில்லை.