நாற்காலிக் குழிகள்

மழைக்காலம் தொடங்கும் முன், வீட்டுப் புல்வெளியில் நாற்காலிக் கால்கள் அழுத்திய குழிகளை மணல் போட்டு நிரப்புவது சுலோச்சனாவின் வழக்கம். தனியாக வாழும் அவளோடு பேசிக்கொண்டிருக்க, மாலைகளில் பக்கத்து வீட்டுத் தெய்வநாயகம் வருவார். அவரும் தனியாள்தான்.

முதல் வருடம் அவருடைய குழிகள் வாசல் கேட்டருகே இருந்தன. மறுவருடம் கொய்யா மரத்தடியில். இந்த வருடம் அவருடைய குழி ஒன்றும் அவளுடைய குழி ஒன்றும் சேர்ந்து ஒரே பள்ளமாகியிருந்தன.

"நாற்காலிய நகத்தி நகத்தி புல்லையே கெடுத்துட்டீங்க," என்றாள்.

அவர் வானத்தைப் பார்த்தார். "பேசாம ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டுடலாமே. எட்டுக் குழி விழுற இடத்துல நாலுதான் விழும்."

அவள் அந்தப் பள்ளத்தில் மணலைக் கொட்டி, உள்ளங்கையால் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"புல்லுக்கும் நல்லதுதான்," என்றாள்.