பழைய பேப்பர் லோரி வருவதற்குள்

தபால் கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றுவதும், தாளைப் பிரிப்பதும், இடப்பக்கம் வலப்பக்கம் போடுவதுமாக என் கை ஓடிக்கொண்டே இருந்தது. இடப்பக்கம் வேண்டியது. வலப்பக்கம் குப்பை.

தீபாவளிக்கு இன்னும் எட்டே நாள். வீட்டைச் சுத்தம் பண்ண என் நாத்தனார் மாதவி அண்ணி தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக வந்துவிட்டார். சோபாவை நகர்த்தினார், அலமாரியைக் காலி பண்ணினார், ஒரு நிமிஷம் உட்காரவில்லை. யாரையும் உட்கார விடவும் இல்லை.

"சீக்கிரம் மலர்! பேப்பர் லோரி ஏ பிளாக்குல நிக்குது. சவுண்டு கேக்குதுல்ல?"

கேட்டது. பழைய பேப்பர் கேட்டு "சூராட் காபார் லாமா..." என்று ஸ்பீக்கர் கத்திக்கொண்டிருந்தது. இன்றைக்கு விட்டால் தீபாவளிக்கு முன்னால் இனி லோரி வராது.

என் அத்தை, அண்ணியின் அம்மா, வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார். நான் முடிச்சுப் போட்டு வைத்த குப்பைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவிழ்த்தார்.

"அம்மா! கட்டினதை ஏன் அவுக்கிறீங்க?" அண்ணி அதட்டினார்.

"சும்மா பாக்கிறேன்லா."

"குப்பையில என்னத்தப் பாக்கப் போறீங்க?"

"நல்ல ஐஸ்கிரீம் டப்பா ஏதும் போயிட்டா?"

"பேப்பர் பையில ஐஸ்கிரீம் டப்பா எங்கேருந்தும்மா வரும்? இந்த வீட்டுக் குப்பைக்கு நீங்கதான் மகாராணி!"

அண்ணி சொன்னதில் எனக்கும் உள்ளுக்குள் சம்மதம்தான். கல்யாணமாகி வந்த ஐந்து வருஷமும் இதே கதை. நான் எதைக் கட்டி வைத்தாலும் அத்தை அவிழ்ப்பார். ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஏதாவது ஒரு தாளை உருவி எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். என்மேல் நம்பிக்கை இல்லை என்று பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி அக்காவிடம் சொல்லி அழுதுகூட இருக்கிறேன்.

"அவங்களப் பாக்காத மலர், நீ வேகமாப் பிரி. படிச்சுப் பாத்துப் போடறதுக்கு இவ்வளவு நேரமா? ஃபாரம் ஃபைவ் படிச்ச பொண்ணுதானே நீ?"

என் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது.

ஃபாரம் ஃபைவ், அதாவது பதினோராம் வகுப்பு, என்பது கல்யாணத் தரகர் சொன்னது. ஜெஞ்சாரோமில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அப்பாவும் மறுக்காமல் தலையை ஆட்டிவிட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அம்மா போனதும் தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. தமிழ் வாசிப்பேன். மலாய், இங்கிலீஷ் என்றால் எழுத்துக் கூட்டுவதற்குள் வியர்த்துவிடும். என் வீட்டுக்காரருக்கே இது தெரியாது. தெரிந்தால், "ஏமாத்திக் கட்டி வெச்சிட்டாங்க" என்று முதல் ஆளாகக் கத்தப்போவது இந்த அண்ணிதான்.

அதனால் படத்தைப் பார்த்துத்தான் பிரிப்பேன். புலிச் சின்னம் இருந்தால் கவர்மெண்ட், இடப்பக்கம். பல்பு இருந்தால் கரண்ட் பில், அதுவும் இடப்பக்கம். கலர் கலராகக் கோழியும் சோப்பும் இருந்தால் விளம்பரம், வலப்பக்கம். எந்தப் படமும் இல்லாத வெள்ளைத் தாள்தான் கஷ்டம். குத்துமதிப்பாகப் போட்டுவிடுவேன்.

ஸ்பீக்கர் சத்தம் இப்போது எங்கள் பிளாக்குக்குக் கீழேயே கேட்டது.

"குடுங்கம்மா பையை! லோரி போயிடும்!"

"இரு, இன்னும் கொஞ்சம்தான்..."

அண்ணி பிடுங்கினார். அத்தை விடவில்லை. பை கிழிந்தது. மேலே சுற்றிய காத்தாடிக் காற்றில் தாளெல்லாம் ஹால் முழுக்கப் பறந்தது.

திட்டிக்கொண்டே பொறுக்கிய அண்ணி, ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"இது ஹோஸ்பிட்டல் லெட்டர்! தாமரைக்குக் காது ஆப்பரேஷன் தேதி குடுத்திருக்காங்க. வர்ற புதன்கிழமை!"

தாமரை என் மகள். நாலு வயது. அந்தத் தேதிக்காக எட்டு மாதமாகக் காத்திருக்கிறோம்.

"இதை யாரு குப்பையில போட்டது?"

நான் குத்துமதிப்பாக வலப்பக்கம் போட்ட தாள் அது.

"நான்தான்," என்றார் அத்தை.

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை அந்தப் பையில் எதையும் போட்டதே இல்லை. எடுக்கத்தான் செய்வார்.

"கண்ணாடி போடாம பாத்தேன். விளம்பரம்னு நெனச்சிட்டேன்."

"நெனச்சிட்டீங்களா? புதன்கிழமை தாண்டியிருந்தா பிள்ளை கதி என்னம்மா? உங்களுக்கு மூளை மழுங்கிப்போச்சு. தம்பி வரட்டும், பேசுறேன். இனிமே தாமரையப் பாலர் பள்ளிக்கு நீங்க கூட்டிட்டுப் போக வேணாம். நாளைக்கு அவளையே எங்கேயாவது தொலைச்சிட்டு வந்து நிப்பீங்க!"

அத்தை கிழிந்த பையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் தாமரையின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும்போது மட்டும்தான் அவர் சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. போனால் போகிறது என்று எழுந்துவிட்டேன்.

"அண்ணி, அத்தையத் திட்டாதீங்க. உண்மையச் சொல்லிடுறேன். எனக்கு மலாய்ல வாசிக்க..."

"ஏ மலரு!" அத்தை அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "அடுப்புல பால் பொங்குது பாரு, ஓடு!"

பதறி ஓடினேன்.

அடுப்பு பற்றவைக்கவே இல்லை.