குப்பையில்லா வளாகம்

“பீடி குடிச்சிட்டா வந்தே?”

பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார். அரங்கத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மூன்று பேர் நிற்கவே இடம் போதவில்லை.

“எனக்குப் பீடி பழக்கமே இல்ல சார்.”

“அப்புறம் ஏன்டா சட்டை இந்த நாத்தம் நாறுது? வெளிநாட்டுலேருந்து ஆள் வர்ற அன்னைக்கா இப்படி வந்து நிப்பே? ஏம்மா, சென்ட் இருந்தா அடிச்சு விடு இவனுக்கு.”

குண்டூசி என்று பட்டப்பெயர் எடுத்த வகுப்புத் தோழி கைப்பையைத் துழாவி ஒரு குப்பியை எடுத்தாள். செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதுபோல அவன் முதுகெல்லாம் அடித்தாள்.

“தினமும் இதே புகை நாத்தம். என்னைக்காவது ஒருநாள் மாட்டப் போறே, சிஐடி” என்று காதோரம் முணுமுணுத்தாள்.

கல்லூரியில் அவனுக்கு அதுதான் பெயர். ஆசிரியர்கள் அறையில் தும்மினால்கூட மறுநாள் அவனுக்குத் தெரிந்துவிடும். முதல்வர் அறைக்குப் புது ஏசி வந்தது, நூலகருக்குப் பிறந்தநாள், வெட்டியது என்ன கேக், எல்லாம் அத்துப்படி. எப்படிடா என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டான். வீடு எங்கே என்று கேட்டாலும் “பக்கம்தான்” என்பதோடு சரி.

பேராசிரியர் அவனுடைய பேச்சுத்தாளை விரித்தார். ‘பருவநிலை மாற்றம்: மாணவர் பார்வை’ என்பது தலைப்பு. நடுவில் ஒரு பத்தி சிவப்பு மையில் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது.

“ஏன் சார் இதை அடிச்சீங்க?”

“என்ன எழுதியிருக்கேன்னு நீயே படி.”

அவன் படித்தான். “‘பணக்கார நாடுகள் தங்கள் குப்பையைக் கப்பலில் ஏற்றி ஏழை நாடுகளின் வாசலில் கொட்டுகின்றன. கொட்டிவிட்டு, நாங்கள் சுத்தம் என்று பரிசும் வாங்கிக்கொள்கின்றன.’”

“வர்ற அம்மா அந்தப் பணக்கார நாட்டுக்காரங்கடா! பசுமை வளாகத்துக்கு உதவி பண்ணத்தான் வர்றாங்க. வீடு தேடி வந்தவங்க மூஞ்சியிலயா காறித் துப்புவே?”

“நான் எழுதினது உண்மைதானே சார்?”

“உண்மையை வெச்சு நாக்கு வழிச்சுக்க. கடைசியில நான் ஒண்ணு சேர்த்திருக்கேன் பாரு. ‘எங்கள் வளாகத்தில் குப்பையே இல்லை, ஒரு காகிதம்கூட இல்லை.’ அதை அழுத்திச் சொல்லணும்.”

“தலைப்பு மாணவர் பார்வைன்னு போட்டிருக்கு.”

“பார்வை உன்னுது, வார்த்தை என்னுது. போதுமா?”

குண்டூசி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அந்தப் பத்தி இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்.”

பேராசிரியர் கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளின் முனையை மட்டும் இழுத்துக் காட்டினார். அவனுடைய ஹால் டிக்கெட்.

“வருகை குறைஞ்சவனுக்கு இது கிடையாது. முதல்வர் காலைப் பிடிச்சு வாங்கி வெச்சிருக்கேன். நான் சொன்னபடி பேசினா உன் கைக்கு வரும். இல்லேன்னா பரீட்சையும் போச்சு, இந்த வருஷமும் போச்சு.”

“அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன் சார். டாக்டர் சீட்டெல்லாம் கொடுத்தேனே.”

“உங்கம்மாவுக்கு மூச்சு இரைச்சா அதுக்கு காலேஜ் என்னடா பண்ணும்?”

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினான். அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னான்.

“கத்தாதீங்க சார். போன வாரம்தான் உங்க சர்க்கரை மாத்திரையை ரெண்டு மடங்காக்கியிருக்காங்க.”

பேராசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “டேய்! அது என் பொண்டாட்டிக்கே தெரியாதுடா!”

அதற்குள் வெளியே கைதட்டல் கேட்டது. விருந்தினர் அரங்கத்துக்குள் வந்துவிட்டார்.

மேடையில் அவன் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கிளிப்பிள்ளை தோற்றது. பூமி சூடாவதைச் சொன்னான், கடல் ஏறுவதைச் சொன்னான், நாளைய தலைமுறையைச் சொன்னான். சிவப்பு மை அடித்த இடத்தைத் தாண்டிப் போனான். கடைசி வரியை அழுத்தியே சொன்னான்: “எங்கள் வளாகத்தில் குப்பையே இல்லை, ஒரு காகிதம்கூட இல்லை.”

அரங்கம் அதிர்ந்தது. முதல்வர் எழுந்து நின்று தட்டினார். ஆனால் அவன் இறங்குவதற்குள் விருந்தினர் மைக்கை வாங்கினார். காலையிலிருந்து வளாகம் முழுக்கச் சுற்றிப் பார்த்தாராம், தரை கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். இத்தனை ஆயிரம் பேர் புழங்கும் இடத்தில் சேரும் குப்பையெல்லாம் எங்கேதான் போகிறது என்று தனக்குத் தெரிந்த தமிழில் அவனிடமே கேட்டார்.

முன்வரிசையில் இருந்த பேராசிரியர், ‘உரம், உரம்’ என்று ஓசையில்லாமல் வாயசைத்தார். கூடவே சட்டைப்பையை இரண்டு தட்டு தட்டிக் காட்டினார்.

அவன் அந்தச் சட்டைப்பையை ஒருமுறை பார்த்தான். உள்ளே ஒரு வருஷம் மடிந்து கிடந்தது. போகட்டும் சனியன்.

“பின்பக்கச் சுவருக்கு மேல தூக்கிப் போட்டுக் கொளுத்திடுவாங்க மேடம், இப்பவும் அங்க புகைஞ்சுட்டுத்தான் இருக்கு” என்றான். “பொண்டாட்டிக்குத் தெரியாம சார் கசக்கிப் போட்ட மருந்துச் சீட்டைக்கூட நான் அங்கதான் பொறுக்கினேன். சுவத்துக்கு அந்தாண்ட முதல் வீடு எங்களுது. வாங்க, காட்டுறேன். உள்ள படுத்து மூச்சு இரைச்சுட்டு இருக்கிறது எங்கம்மா.”