தேநீர் வண்டியில் ஓர் இயக்குநர்

கரண்டி கோப்பையில் ஒருமுறை தட்டினால் இன்னொரு டேக். இரண்டு முறை தட்டினால் அடுத்த ஷாட்.

காலையிலிருந்து அந்த லண்டன் ஸ்டுடியோவில் படப்பிடிப்பு அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இயக்குநர் நாற்காலியில் உதவியாளன் நைஜல் உட்கார்ந்திருந்தான். உண்மையான இயக்குநர் ஆப்னர் லாஸ்கோ, வெள்ளை மேலங்கியோடு தேநீர் வண்டிக்குப் பின்னால் நின்றார்.

கம்யூனிஸ்டுகளைத் தேடிய விசாரணைக் குழுவிடம் நண்பர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்து அமெரிக்காவைவிட்டு வந்தவர். அவர் எடுத்த படம் என்று தெரிந்தால் அங்கே ஒரு தியேட்டரும் வாங்காது. அங்கே விற்காவிட்டால் இங்கே நாற்பது பேருக்கு வேலை இல்லை.

இன்றைக்கென்று பார்த்து, படத்தை வாங்கப்போகும் லாஸ் ஏஞ்சல்ஸ் கம்பெனியிலிருந்து க்ரீகர் என்பவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன மாறினாலும் கண்டுபிடித்துச் சொல்வது ஹில்டாவின் வேலை. சிகரெட்டின் நீளம், கழன்ற பொத்தான், எதுவும் அவளிடமிருந்து தப்பாது. இருபது வருஷமாகப் பொருந்தாததைப் பிடித்தே பழகிய கண்ணுக்கு, இவ்வளவு பெரிய பொருந்தாமையைப் பார்க்காமலிருப்பது சுலபமாயில்லை.

அவள் குனிந்து பென்சிலைச் சீவினாள்.

நான்காவது டேக் முடிந்தது. டிங்.

“இன்னொரு தடவை,” என்றான் நைஜல்.

“ஏம்ப்பா, நல்லாத்தானே இருந்துச்சு? இதுல என்ன குறை?” என்றார் க்ரீகர்.

நைஜல் தேநீர் வண்டியைப் பார்த்தான். கேமராக்காரர் பார்த்தார். கதாநாயகி பார்த்தாள். ஏணிமேல் இருந்த விளக்குக்காரன்கூடக் குனிந்து பார்த்தான்.

க்ரீகரும் திரும்பினார். எழுந்துபோய் ஒரு கோப்பை வாங்கி ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. மீதியையும் குடித்து முடித்தார்.

பிறகு நேராக ஹில்டாவிடம் வந்தார்.

“யாரும்மா அந்த ஆளு? டீயும் போடத் தெரியல. ஆனா எல்லாரும் அவன் மூஞ்சியையே பாக்குறீங்க.”

ஹில்டாவுக்கு ஐம்பத்தோரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஸ்டுடியோவில் யாரும் அவளை ஓர் ஆணோடு சேர்த்துக் கிசுகிசுத்ததில்லை. அந்த மரியாதை அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் கசந்தது.

“என் வீட்டுக்காரர் சார். வேலையில்லாம இருந்தாரு, நான்தான் சொல்லிச் சேத்துவிட்டேன். காலைல எங்க ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. அதான் எல்லாரும் வேடிக்கை பாக்குறாங்க.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனசு வரவில்லை.

“வீட்லயும் இதே டீதான் சார்.”

க்ரீகர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சற்று நேரம் கழித்து, கண்ணைத் துடைத்தபடி அவள் காதருகே குனிந்தார்.

“படத்துல ஒரு குறையும் இல்லன்னு கம்பெனிக்குச் சொல்லிடறேன். கவலைப்படாதீங்க. ஆனா ஊருக்குப் போயி என் தங்கச்சிகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியலம்மா. அவளும் இத்தனை வருஷமா அந்தாளுக்குத் தான்தான் பொண்டாட்டின்னு நெனச்சுக்கிட்டிருக்கா.”