இரண்டாம் பதிப்பு

ரவாங் டவுன் கம்ப்யூட்டர் கடையில் அந்த ஜப்பானியக் காதல் விளையாட்டு இரண்டு பதிப்புகளாக இருந்தது.

“பழசுல காதலி பேர மாத்த முடியாது. புதுசுல நம்ம இஷ்டம் லா!” என்றான் கடைக்காரன்.

தங்கராஜு யோசிக்காமல் புதியதை வாங்கினான்.

வீட்டில் திரையை எட்டிப் பார்த்த மனைவிக்கு வாயெல்லாம் பல். காதலிக்கு நவமணி என்று பெயர் வைத்திருந்தான்.

“என் பேராங்க? சும்மாவா! பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தியே, பேரக் கேட்டதும் சரின்னு சொன்ன மனுஷனாச்சே!”

கேட்காமலேயே மைலோ கலக்கிவந்து பக்கத்தில் வைத்தாள். அவன் அதைத் தள்ளி வைத்துவிட்டுத் திரையையே பார்த்தான்.

ராசா ரப்பர் தோட்டத்தில் முன்பு அவன் உயிராய் நேசித்து, இன்னொருவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் பெயரும் நவமணிதான்.