ஏணி பிடித்தவள்

முதல் தகரம் கழன்றதும் முன்னறைத் தரையில் வெயில் விழுந்தது.

டெம்வா ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே அவள் கொழுந்தன் லுசுங்கு ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"நல்லா அழுத்திப் பிடிங்க அண்ணி. மண் சுவரு. சாஞ்சா ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்."

பிடித்தாள்.

அவள் புருஷன் வொங்கானிக்கு ஓடு போடத்தான் ஆசை. இந்தச் சுவர் ஓட்டின் பாரத்தைத் தாங்காது என்று அவள்தான் மறித்தாள். கீழே மூங்கில், மேலே மெல்லிய தகரம், வெக்கை இறங்காமலிருக்க நடுவில் நாணல் பாய். புகையிலைக் காட்டில் இருவரும் கூலி வேலை செய்து போட்ட கூரை.

பாரமில்லாத கூரை கழற்றவும் சுலபமாக இருந்தது. நாத்தனார்கள் ஆளுக்கொரு தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, சிரித்துப் பேசியபடி சோளக்காட்டு வழியாக லுசுங்குவின் வீட்டுக்குப் போய்ப் போய் வந்தார்கள்.

மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கூரையில்லாத மண் சுவர் எத்தனை மழைக்கு நிற்கும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு மலீதா வேலியோரம் வந்து நின்றாள். "வாயில என்னடி கொழுக்கட்டையா? கத்தி ஊரைக் கூட்டாம, ஏணி பிடிச்சிட்டு நிக்கிறே."

"மெதுவாப் பேசுக்கா" என்றாள் டெம்வா.

மலீதா காறித் துப்பிவிட்டுப் போனாள்.

"அண்ணன் சம்பாதிச்சது அண்ணன் ரத்தத்துக்குத்தான் சேரணும். அதுதான் நம்ம முறை" என்றான் லுசுங்கு. "எழவுக்கு ஏரிக்கரையிலேருந்து உங்க ஆளுங்க வந்துட்டா வீண் சண்டை. அதுக்குள்ள முடிச்சிடணும்."

"சுத்தியலை மட்டும் கொஞ்சம் பாத்து அடிங்க."

"தடவிக் குடுத்தா ஆணி வருமா அண்ணி?"

முன்னறை முழுக்க வானமாகிவிட்டது. உள்ளறைக் கூரையைக் கடைசியில் பிரித்துக்கொள்ளலாம் என்றான். அந்த அளவுக்கு அவனுக்கு இரக்கம் இருந்தது.

அவன் தண்ணீர் குடிக்க இறங்கியபோது அவள் உள்ளறைக்குப் போனாள்.

பாயில் கிடந்த வொங்கானி கண்ணைத் திறந்தான். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதிலிருந்து, அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவாகப் பார்த்தான்.

"மேல என்ன சத்தம்?"

ஈரத்துணியால் அவன் உதட்டைத் துடைத்தாள்.

"உங்க தம்பி வந்திருக்காரு. மழைக்கு முன்னாடி ஒழுகுற இடத்தையெல்லாம் அடைச்சுத் தர்றேன்னு."

அவன் முகம் மலர்ந்தது.

"சொன்னேனா இல்லையா? எனக்கு ஒண்ணுன்னா அவன் வந்து நிப்பான்." மூச்சு வாங்கியது. "வெயில்ல கெடந்து உழைக்கிறான். சோளமாவுல சிமாக் களி கிளறி வயிறாரப் போட்டு அனுப்பு."

டெம்வா வெளியே வந்து அடுப்பை மூட்டினாள்.